ஞாபகம் எப்படி வேலை செய்யுது? என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் டாக்டர் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடறேன். பிளஸ் டூ பசங்களுக்கு பயாலஜி டியூஷன் எடுக்கறவன். மூளை பாடம் வந்தாலே போதும், பசங்க ஒரு பக்கம் கேள்வி கேப்பாங்க, சாயங்காலம் கூட்டிட்டுப் போக வர்ற அம்மா அப்பா வாசல்ல நின்னு இன்னொரு பக்கம் கேப்பாங்க, "சார் இவனுக்கு ஒண்ணுமே மண்டையில நிக்க மாட்டேங்குது"ன்னு ஆரம்பிச்சு "எங்க மாமியாருக்கும் இப்பல்லாம் மறதி"ன்னு போய் முடியும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன்.

கேள்வி: ஞாபகம்லாம் மூளையில எந்த இடத்துல இருக்கு?

ஒரே இடத்துல இல்ல. இதைக் கண்டுபிடிக்கவே ஒருத்தர் வாழ்நாள் பூரா மெனக்கெட்டார், கார்ல் லாஷ்லின்னு ஒரு அமெரிக்கர். எலிக்கு ஒரு புதிர்ப்பாதையைப் பழக்குவார், அப்புறம் மூளையோட மேல்பகுதில ஒரு துண்டை எடுத்துட்டு வழி மறந்துடுச்சான்னு பார்ப்பார். அடுத்த எலிக்கு வேற இடத்துல எடுப்பார். எந்த இடத்துல வெட்டினாலும் முழுசா மறக்கல, எவ்வளவு எடுத்தாரோ அந்த அளவுக்கு மந்தமாச்சு, அவ்வளவுதான். 1950-ல எழுதின கட்டுரையில, இதெல்லாம் பார்த்தா கத்துக்கறதே நடக்காத காரியம்னு தோணுதுன்னு கிண்டலா எழுதற அளவுக்கு வெறுத்துப்போயிட்டார் மனுஷன்.

இப்ப தெரியறது என்னன்னா, ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தீங்கன்னா நாதஸ்வர சத்தம் காதுக்கான பகுதியில, பொண்ணோட புடவை கலர் கண்ணுக்கான பகுதியில, பந்தியில சண்டை போட்ட சித்தப்பா மேல வந்த கோபம் இன்னொரு பகுதியிலன்னு சிதறித்தான் கிடக்கும். இதையெல்லாம் ஒரே நிகழ்ச்சியா கோக்கற வேலைக்குத்தான் ஹிப்போகேம்பஸ்னு ஒரு உறுப்பு இருக்கு, காதுக்கு உள்பக்கமா, ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு. பார்க்க கடல்குதிரை மாதிரி இருக்கும், பேருக்கும் கிரேக்கத்துல அதான் அர்த்தம், 16-ம் நூற்றாண்டுல ஒரு இத்தாலி டாக்டர் வெச்ச பேரு.

கேள்வி: ஹிப்போகேம்பஸ் இல்லாமப் போனா என்ன ஆகும்?

இதுக்கு பதில் நமக்குத் தெரிஞ்சதே ஒரு மனுஷனோட வாழ்க்கை பாழானதால. ஹென்றி மொலைசன். அவர் உயிரோட இருந்த வரைக்கும் எல்லா புத்தகத்துலயும் ஹெச்.எம்.னுதான் போடுவாங்க, பேரை வெளியில சொல்லல. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துக்காரர். வலிப்பு வந்து வந்து வேலைக்கே போக முடியாத நிலைமை, மாத்திரைக்கும் அடங்கல. 1953-ல, 27 வயசுல, வில்லியம் ஸ்கோவில்ங்கற சர்ஜன் மூளையோட ரெண்டு பக்கத்துலயும் ஹிப்போகேம்பஸையும் அதைச் சுத்தி இருந்ததையும் எடுத்துட்டார். வலிப்பு நிஜமாவே குறைஞ்சுது. ஆனா அன்னிக்கு அப்புறம் நடந்த எதுவுமே அவர் மண்டையில தங்கல. சாப்பிட்டாரா இல்லையான்னு தெரியாது. பிரெண்டா மில்னர்னு ஒரு உளவியல் நிபுணர் வருஷக்கணக்கா அவரைப் பார்க்கப் போனாங்க, ஒவ்வொரு தடவையும் இப்பத்தான் முதல்தடவை பார்க்கற மாதிரி வணக்கம் சொல்வார்.

புத்தி நல்லா இருந்துச்சுங்க, அதான் கொடுமை. சின்ன வயசு விஷயம் கேட்டா சொல்வார், ஜோக் அடிப்பார், குறுக்கெழுத்து போடுவார். ஒரு தடவை 584-ங்கற நம்பரை ஞாபகம் வெச்சுக்கச் சொல்லிட்டு தனியா உக்கார வெச்சாங்க. கால் மணி நேரம் கழிச்சு கேட்டா சரியா சொன்னார். எப்படின்னு கேட்டதுக்கு அவர் சொன்ன கணக்கு இது: 8-ஐ மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ, 5, 8, 4 கூட்டினா 17, அதுல 8 போனா 9, 9-ஐ ரெண்டா பிரிச்சா 5-ம் 4-ம், ஆக 584. கால் மணி நேரமும் இதையே உள்ளுக்குள்ள உருட்டிட்டே இருந்திருக்கார். பேச்சை மாத்தினதும் போச்சு, நம்பர் மட்டுமில்ல, நம்பர்னு ஒண்ணு கொடுத்தாங்கங்கறதே போச்சு.

கையில பிடிச்சு வெச்சுக்கறது வேற, உள்ள போய்ச் சேர்றது வேறன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது இவரால. ஸ்கோவிலும் மில்னரும் சேர்ந்து 1957-ல இதை எழுதினாங்க.

கேள்வி: அப்ப ஞாபகத்துல எத்தனை வகை சார்? பரிட்சைக்கு எழுதணும்.

பரிட்சைக்குன்னா உங்க புத்தகத்துல இருக்கறதை எழுதுங்க. புரிஞ்சுக்கறதுக்குன்னா நான் வேற மாதிரி சொல்றேன்.

ஓடிபி வருதில்ல, 6 நம்பர், அதைப் பார்த்துட்டு இந்த ஆப்ல இருந்து அந்த ஆப்புக்குப் போய் டைப் பண்ற வரைக்கும் வாய்க்குள்ளயே முணுமுணுத்துட்டு இருப்பீங்க, அதான் வேலை செய்யற ஞாபகம். மில்லர்னு ஒருத்தர் 1956-ல இதுல ஏழு விஷயம் வரைக்கும் நிக்கும்னார், இப்ப உள்ளவங்க நாலுதான்னு சொல்றாங்க. ஓடிபியை 482, 913-னு மூணு மூணா சொல்றோமே, அது தெரியாமலே நாம பண்ற தந்திரம், ஆறு விஷயம் ரெண்டு விஷயமா ஆயிடுது.

நேத்து எங்க போனேன்ங்கறது ஒரு வகை, தமிழ்நாட்டுத் தலைநகரம் சென்னைங்கறது இன்னொரு வகை. ரெண்டாவதை எப்ப, யார் சொல்லிக் கத்துக்கிட்டோம்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா? இந்தப் பிரிவினையை 1972-ல எண்டெல் டல்விங் சொன்னார். அப்புறம் கைப்பழக்கம், அதாவது சைக்கிள் ஓட்டறது, கோலம் போடறது, டைப் அடிக்கறது. இது ஹிப்போகேம்பஸ் பக்கமே போகாது, மூளைக்கு நடுவுல இருக்கற பேசல் கேங்லியாவும் பின்னாடி இருக்கற சிறுமூளையும் பார்த்துக்கும்.

ஹெச்.எம்.-கிட்டயே இதை மில்னர் சோதிச்சாங்க. கண்ணாடியில தெரியற பிம்பத்தை மட்டும் பார்த்துட்டு ஒரு நட்சத்திரத்தோட ரெண்டு கோட்டுக்கு நடுவுல பென்சிலால வரையணும். செஞ்சு பாருங்க, கை எதிர்ப்பக்கமா இழுத்துட்டுப் போகும், எரிச்சலா வரும். மூணு நாள்ல 30 தடவை வரைஞ்சார், மூணாவது நாள் அழகா வந்துச்சு. ஆனா முன்னாடி இதை வரைஞ்சதா அவருக்குத் துளி ஞாபகம் இல்ல, கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன், பரவாயில்ல நல்லாவே வருதேன்னு அவரே ஆச்சரியப்பட்டிருக்கார்.

எங்க பாட்டிக்கு கடைசி மூணு வருஷம் மறதிநோய். என்னை யாருன்னு தெரியாது, "தம்பி நீங்க எந்த ஊரு"ன்னு மரியாதையா கேப்பாங்க. ஒருநாள் அம்மா உதிரி மல்லியும் வாழைநாரும் தட்டுல வெச்சுட்டு உள்ள போனாங்க, பாட்டி அவங்கபாட்டுக்கு நாரை தண்ணில நனைச்சு, இடது கையில நாரைப் பிடிச்சு, ரெண்டு பூ இந்தப்பக்கம் ரெண்டு பூ அந்தப்பக்கம் வெச்சு சுருக்கு, திரும்ப ரெண்டு பூ, நெருக்கமா, ஒரு முழம் கட்டிட்டாங்க. யாருக்கு பாட்டி இதுன்னு கேட்டேன். கையில இருந்ததைப் பார்த்துட்டு "நல்லா கட்டியிருக்காங்க, முழம் எவ்வளவாம்?"ன்னாங்க.

கேள்வி: செல்லுக்குள்ள என்னதான் நடக்குது?

மூளையில சுமார் 8,600 கோடி நியூரான், அதாவது நரம்பு செல்லு இருக்கு. ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம, நடுவுல நூலிழை இடைவெளி விட்டு நிக்குது, அந்த சந்திப்புக்குத்தான் சினாப்ஸ்னு பேரு. இந்தப்பக்கம் கரண்ட் வந்ததும் கெமிக்கல் துளி கொட்டும், அந்தப்பக்கம் அதை வாங்கிக்கும். ரெண்டு செல்லு திரும்பத் திரும்ப சேர்ந்து வேலை செஞ்சா அதுங்களுக்கு நடுவுல இருக்கற இணைப்பு பலமாகும்னு டொனால்ட் ஹெப் 1949-லயே ஊகிச்சுட்டார். ஆனா கையில ஆதாரம் இல்ல. 1973-ல டிம் ப்ளிஸ், டெர்யே லோமோன்னு ரெண்டு பேர் முயலோட ஹிப்போகேம்பஸ்ல கொஞ்ச நேரம் வேகவேகமா கரண்ட் கொடுத்துப் பார்த்தாங்க, அதுக்கப்புறம் மணிக்கணக்கா அந்த இணைப்பு பலமாவே இருந்துச்சு. வயக்காட்டுல வரப்பு மேல நாலு பேர் தினம் நடந்தா ஒத்தையடிப் பாதை விழும்ல, அந்த மாதிரின்னு பசங்களுக்குச் சொல்வேன்.

எரிக் கேண்டல் பண்ணது இன்னும் சுவாரசியம். அவர் எடுத்துக்கிட்டது கடல்ல இருக்கற ஒரு பெரிய நத்தை, ஓடு வெளியில தெரியாது, அப்ளிசியான்னு பேரு. மொத்தமே சுமார் 20,000 நியூரான்தான், அதுவும் சிலது வெறும் கண்ணுக்கே தெரியற சைஸ். வால்ல ஷாக் கொடுத்தா அப்புறம் லேசா தொட்டாலே செவுளை வேகமா உள்ள இழுத்துக்கும். ஒரு தடவை ஷாக்னா கொஞ்ச நேரத்துக்கு மட்டும், அங்க கெமிக்கல் கொஞ்சம் கூடுதலா கொட்டுது, அவ்வளவுதான். விட்டு விட்டு பல தடவை கொடுத்தா நாள்கணக்கா நிக்குது, ஏன்னா சிக்னல் செல்லோட உட்கரு வரைக்கும் போய் ஜீனைத் தட்டி எழுப்பி புரோட்டீன் செஞ்சு புது சினாப்ஸே முளைக்குது. நிலையான ஞாபகம்னா மூளையோட உருவமே கொஞ்சம் மாறியிருக்குன்னு அர்த்தம். 2000-ல நோபல் வாங்கினார்.

கேள்வி: மூளையோட மெமரி எத்தனை ஜிபி?

அப்படி ஒண்ணு கிடையாது. நெட்ல ஆயிரம் நம்பர் சுத்துது, எதையும் நம்பாதீங்க. மெமரி கார்டுல ஃபைல் சும்மா கிடக்கும், திறந்து பார்த்தா ஃபைல் மாறாது. மூளையில திறக்கும்போதே மாறும். கீழ வர்றேன்.

கேள்வி: நேத்து படிச்சது இன்னிக்கு ஏன் மறந்துபோகுது?

ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், 1885-ல புத்தகம் போட்டார். ஆராய்ச்சிக்கு ஆள் வேணும்ல, தன்னையே வெச்சுக்கிட்டார். அர்த்தமே இல்லாத அசைகளை பட்டியல் பட்டியலா மனப்பாடம் பண்ணி, 20 நிமிஷம், ஒரு மணி நேரம், ஒரு நாள், ஒரு மாசம் கழிச்சு திரும்பப் படிச்சா எவ்வளவு நேரம் மிச்சமாகுதுன்னு அளந்தார். ஒரு மணி நேரத்துலயே பாதிக்கு மேல போச்சு, ஒரு நாள்ல மூணுல ரெண்டு பங்கு போச்சு. ஆனா அதுக்கப்புறம் சரியறது மெதுவாயிடுச்சு, ஒரு மாசம் கழிச்சும் அஞ்சுல ஒரு பங்கு மிச்சம் இருந்துச்சு. ஆக மறதி முதல் நாள்லதான் வேட்டையாடுது. அர்த்தம் தெரிஞ்சு படிச்சா இவ்வளவு மோசமா போகாது, அதையும் அவரே பாட்டை மனப்பாடம் பண்ணிப் பார்த்து சொன்னார்.

அப்புறம் மறக்கறது வியாதின்னு நினைக்காதீங்க. ஒவ்வொரு நாளும் பைக்கை எங்க நிறுத்தினோம்ங்கறது எல்லாம் அப்படியே இருந்துச்சுன்னா இன்னிக்கு எங்க நிறுத்தினோம்னு கண்டுபிடிக்கவே முடியாது.

கேள்வி: சரி, எப்படிப் படிச்சா நிக்கும்?

மூடி வெச்சுட்டு சொல்லிப் பாருங்க. என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் இதுக்கு அடுத்துதான்.

ரோடிகர், கார்பிக்கின்னு அமெரிக்காவுல ரெண்டு பேர் 2006-ல இதைப் பண்ணிக் காட்டினாங்க. காலேஜ் பசங்களை ரெண்டு பகுதியைப் படிக்க வெச்சாங்க. ஒரு பகுதியை அப்படியே திரும்பப் படிச்சாங்க, இன்னொண்ணை பேப்பர்ல நினைவுல இருந்து எழுதிப் பார்த்தாங்க. 5 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா திரும்பப் படிச்சதுதான் ஜெயிச்சுது, 81-க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழிச்சு வெச்சா தலைகீழ், திரும்பப் படிச்சதுல 42, எழுதிப் பார்த்ததுல 56. பசங்க ஏமாந்து போறது இங்கதான், ஹைலைட்டர் போட்டு நாலு தடவை படிச்சா பக்கம் பழகிப்போயிடும், பழகின முகம் மாதிரி. பழகினதை தெரிஞ்சதுன்னு நினைச்சுக்கறோம். ஹால்ல கேள்வித்தாளைப் பார்த்து "இது இடதுபக்கப் பக்கத்துல கீழ இருக்கும், ஆனா என்னன்னுதான் வரல"ன்னு முழிக்கறது இதனாலதான்.

ரெண்டாவது, இடைவெளி விட்டுப் படிங்க. ஒரே ராத்திரியில 5 மணி நேரம் உக்கார்றதுக்கு பதிலா அஞ்சு நாள் ஒரு மணி நேரம். கடல் நத்தைக்கே ஷாக்கை விட்டு விட்டு கொடுத்தாத்தான் நின்னுச்சு, நாம எம்மாத்திரம்.

கேள்வி: பரிட்சைக்கு முந்தின நாள் ராத்திரி முழிச்சுப் படிக்கலாமா?

வேணாம். 1994-ல வில்சன், மெக்நாட்டன்னு ரெண்டு பேர் எலியோட ஹிப்போகேம்பஸ்ல எலக்ட்ரோட் வெச்சுப் பார்த்தாங்க. பகல்ல எலி ஓடும்போது எந்தெந்த செல்லு ஜோடியா துடிச்சுதோ, தூங்கும்போது அதே ஜோடிங்க திரும்பத் துடிச்சுது. ஆழ்ந்த தூக்கத்துல ஹிப்போகேம்பஸ் பகல்ல பார்த்ததை மூளையோட மேல்பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டி அங்க பதிய வைக்குதுங்கறதுதான் இப்ப உள்ள புரிதல். தூக்கத்தைக் கெடுத்தா படிச்சதும் சரியா பதியாது, மறுநாள் புதுசா ஏத்திக்கற சக்தியும் குறையும். இதை நான் சொன்னா பசங்க தலையாட்டிட்டுப் போய் ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்க்கறாங்க, அது வேற கதை.

கேள்வி: ரூமுக்குள்ள போனதும் எதுக்கு வந்தோம்னே மறந்துடுது, இது மறதிநோய்க்கு ஆரம்பமா?

இல்லைங்க, பயப்படாதீங்க. கேப்ரியல் ரட்வான்ஸ்கின்னு ஒருத்தர் இதையே ஆராய்ச்சி பண்ணியிருக்கார். ஒரே ரூமுக்குள்ள அதே தூரம் நடந்தவங்களைவிட வாசப்படி தாண்டினவங்களுக்கு கையில எடுத்துட்டு வந்தது என்னங்கறது அதிகமா மறந்துச்சு. இடம் மாறினதும் மூளை பழைய காட்சியை மூடிட்டு புதுக் காட்சி திறக்குது, அதுல "கத்தரிக்கோல் எடுக்கணும்" பழைய காட்சியோட போயிடுது. சாவி, கண்ணாடியெல்லாம் வெச்ச இடம் மறக்கறது வேற மாதிரி, வெக்கும்போது மனசு அங்க இல்ல, பதிவே ஆகல.

கேள்வி: நாக்கு நுனியில நிக்குது, பேரு மட்டும் வர மாட்டேங்குது?

பேரோட முதல் எழுத்து தெரியும், எத்தனை அசைன்னு தெரியும், பேரு வராது. 1966-ல பிரவுன், மெக்நீல்ங்கறவங்க ஆராய்ச்சி பண்ணப்பவும் அதே மாதிரிதான் முதல் எழுத்தை ஆளுங்க பல தடவை சரியா ஊகிச்சாங்க. அர்த்தமும் ஒலியும் தனித்தனி இடத்துல இருக்கு, நடுவுல இருக்கற இழை அப்போதைக்கு இளகிடுது. ஆளோட பேருதான் அதிகமா மாட்டும், ஏன்னா "செல்வம்"ங்கற பேருக்கும் அந்த முகத்துக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. விட்டுடுங்க, பாத்திரம் விளக்கும்போது தானா வரும்.

கேள்வி: எனக்கு அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது, அது எப்படி சார் தப்பா இருக்கும்?

இருக்கும். எனக்கு நடந்ததைச் சொல்றேன். எங்க ஊரு கும்பகோணம் பக்கம். சுனாமி வந்தப்ப நான் ஸ்கூல் பையன். கணக்கு பீரியட் நடக்குது, சார் கணக்கைப் போர்டுல பாதியில விட்டுட்டு வெளியில போறார், திரும்பி வந்து நாகப்பட்டினத்துல கடல் உள்ள வந்துடுச்சாம்னு சொல்றார், ஜன்னல் பக்கத்துல உக்காந்திருந்த பையன் அழறான், அவங்க சொந்தக்காரங்க அங்க இருக்காங்க. சாக்பீஸ் தூசியெல்லாம் தெரியும் எனக்கு. பத்து வருஷத்துக்கு மேல இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். ஒரு தீபாவளிக்கு எல்லாரும் உக்காந்து பேசிட்டு இருக்கும்போது அக்கா சிரிச்சுட்டே "டேய், அன்னிக்கு ஞாயித்துக்கிழமைடா"ன்னா. சண்டை போட்டேன். ஃபோன்ல காலண்டர் எடுத்துக் காட்டினா. 2004 டிசம்பர் 26, ஞாயிறு. அரைப்பரிட்சை லீவு வேற. நான் வீட்ல டிவி முன்னாடி உக்காந்திருந்தேன்னு அக்கா சொல்றா. அந்தக் காட்சி எனக்கு துளிகூட வரல, ஆனா கணக்கு சாரும் சாக்பீஸும் இன்னிக்கும் வருது. ஜனவரியில ஸ்கூல் திறந்தப்ப கிளாஸ்ல பேசிக்கிட்டது, அந்தப் பையன் அழுதது, இதையெல்லாம் அந்த நாளோட தைச்சுட்டேன்னு நினைக்கறேன்.

இதே மாதிரி 1986 ஜனவரியில சேலஞ்சர் விண்கலம் வெடிச்ச மறுநாள் அட்லாண்டாவுல எமரி பல்கலைக்கழக மாணவர்கள்கிட்ட, செய்தி கேட்டப்ப எங்க இருந்தீங்க, யார் சொன்னாங்கன்னு எழுதி வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ரெண்டரை வருஷம் போல கழிச்சு 44 பேர்கிட்ட திரும்பக் கேட்டா நாலுல ஒரு பங்கு பேர் சொன்னது எல்லாமே தப்பு. ஆனா நம்பிக்கை மட்டும் பயங்கரமா இருந்துச்சு. அவங்க கையெழுத்தையே எடுத்துக் காட்டினாலும் பழைய ஞாபகம் திரும்பி வரல.

எலிசபெத் லாஃப்டஸ் இதை இன்னொரு பக்கமா பிடிச்சாங்க. 1974-ல கார் மோதற படம் போட்டுக் காட்டிட்டு வேகம் எவ்வளவு இருக்கும்னு கேட்டாங்க. "கார் மோதி நொறுங்கினப்ப"ன்னு கேட்டா சராசரியா மணிக்கு 40.8 மைல்னு சொன்னாங்க, "கார் உரசினப்ப"ங்கற மாதிரி மெதுவான வார்த்தை போட்டா 31.8. இன்னொரு சோதனையில, படம் பார்த்து ஒரு வாரம் கழிச்சு உடைஞ்ச கண்ணாடி பார்த்தீங்களான்னு கேட்டதுக்கு, நொறுங்கின வார்த்தையைக் கேட்டவங்கள்ல பார்த்தேன்னவங்க மத்தவங்களைவிட ரெண்டு மடங்குக்கு மேல. படத்துல கண்ணாடியே உடையல. சாட்சி சொல்றவங்களை போலீஸ் எப்படிக் கேள்வி கேக்கறாங்கங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னா, ஒரு ஞாபகத்தை வெளியில எடுக்கும்போது அது இளகிடுது, திரும்ப இறுகணும். கரீம் நாடர் 2000-ல எலியை வெச்சுக் காட்டினார். ஒரு சத்தம், கூடவே ஷாக், எலி சத்தத்தைக் கேட்டாலே உறைஞ்சு நிக்கும். மறுநாள் ஷாக் இல்லாம சத்தத்தை மட்டும் போட்டு ஞாபகப்படுத்திட்டு, உடனே அமிக்டலாங்கற பகுதியில புரோட்டீன் செய்ய விடாத மருந்தைப் போட்டார். அதுக்கப்புறம் எலிக்கு அந்த பயம் பெரும்பாலும் போயிடுச்சு. ஞாபகப்படுத்தாம மருந்து மட்டும் போட்டா பயம் அப்படியே இருக்கு. ஆக எடுக்கற ஒவ்வொரு தடவையும் திரும்ப வார்த்து வெக்கறோம், வார்க்கும்போது பக்கத்துல என்ன கிடக்குதோ அதுவும் சேர்ந்துக்கும். நான் கதையை எத்தனை தடவை சொன்னேனோ அத்தனை தடவை கணக்கு சார் இன்னும் கெட்டியானார்.

கேள்வி: மண்வாசனை, சாம்பிராணி வாசனையெல்லாம் வந்தா சின்ன வயசு அப்படியே வருதே?

கண்ணு, காது வழியா வர்றதெல்லாம் முதல்ல தலாமஸ்ங்கற சந்திப்பு வழியா போய்த்தான் மத்த இடத்துக்குப் பிரியும். வாசனைக்கு மட்டும் அந்த சுத்துவழி இல்ல, மூக்குல இருந்து வந்ததும் அமிக்டலாவுக்கும் ஹிப்போகேம்பஸ் வாசலுக்கும் நேரா போயிடுது. அமிக்டலாதான் பயம், சந்தோஷம் மாதிரி உணர்ச்சியைப் பார்த்துக்கறது. அதனாலதான் என்ன நடந்துச்சுன்னு வர்றதுக்கு முன்னாடியே தொண்டை அடைச்சுக்குது.

கேள்வி: ஒரு வயசுல நடந்தது ஏன் யாருக்குமே ஞாபகம் இல்ல?

பொதுவா மூணு, மூணரை வயசுக்கு முன்னாடி நடந்தது பெரியவங்களுக்கு வராது. பேச்சு வராத வயசு, ஹிப்போகேம்பஸும் முழுசா வளரல. டொராண்டோவுல 2014-ல எலிக்குஞ்சுகளை வெச்சு வந்த ஆராய்ச்சி இன்னொரு காரணம் சொல்லுது: அந்த வயசுல ஹிப்போகேம்பஸ்ல புது நியூரான் சரசரன்னு பிறக்குது, புதுசு வந்து இணைப்பு போடப்போட பழைய இணைப்பு கலைஞ்சுடுது. "எனக்கு என் மொட்டை போட்டது ஞாபகம் இருக்கு"ன்னு சொல்றவங்களை நான் மறுக்கறதில்ல, வீட்ல ஃபோட்டோ இருக்கான்னு மட்டும் கேப்பேன்.

கேள்வி: ஃபோட்டோ மாதிரி அப்படியே பதிய வெச்சுக்கறவங்க நிஜமா இருக்காங்களா?

பெரியவங்கள்ல அப்படி ஒருத்தரை சோதனையில உறுதியா நிரூபிச்சதில்ல. ஆனா பழக்கத்தால மலைக்க வெக்கறவங்க இருக்காங்க. நம்ம ஊர்லயே அவதானக் கலை இருந்துச்சே. நாகர்கோவில் இடலாக்குடி செய்குத்தம்பி பாவலர் 1907-ல சென்னை விக்டோரியா ஹால்ல நூறு விஷயத்துல கவனம் வைக்கற சதாவதானம் பண்ணார், முதுகுல எறியற கல்லை எண்ணணும், மணி எத்தனை தடவை அடிச்சுதுன்னு வெச்சுக்கணும், யாரோ கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாடணும், எல்லாம் ஒரே நேரத்துல. நூறு விஷயத்தையும் ஒரே நொடியில யாரும் மூளையில பிடிச்சு வெச்சுக்க முடியாது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கொக்கி போட்டு மாட்டிட்டு அடுத்ததுக்குப் போறதுதான் பயிற்சி. யாப்பே ஒரு கொக்கிதான், எதுகை மோனை அடுத்த சொல்லை இழுத்துட்டு வந்துடும்.

ராஜன் மகாதேவன் 1981-ல மங்களூர்ல பை எண்ணோட 31,811 இலக்கத்தை மனப்பாடமா சொல்லி கின்னஸ்ல வந்தார், சென்னையில பிறந்தவர். அவரை அமெரிக்காவுல சோதிச்சப்ப நம்பர்னா அசுரன், ஆனா பொருள் எந்த இடத்துல எப்படி இருந்துச்சுங்கற சோதனையில சாதாரண மாணவங்களைத் தாண்டல.

லண்டன் டாக்சி டிரைவர்களை சொல்லாம விட முடியாது. லைசென்ஸுக்கு சேரிங் கிராஸைச் சுத்தி 6 மைலுக்குள்ள சுமார் 25,000 தெருவை மனப்பாடம் பண்ணணும், வருஷக்கணக்கா ஆகும். எலனார் மகையர் 2000-ல ஸ்கேன் எடுத்துப் பார்த்தப்ப அவங்களுக்கு ஹிப்போகேம்பஸோட பின்பகுதி பெருசா இருந்துச்சு, முன்பகுதி கொஞ்சம் சின்னதா இருந்துச்சு. கூகுள் மேப்பைக் கேட்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போற எனக்கு அதை எடுத்துப் பார்க்கவே பயமா இருக்கு.

கேள்வி: வல்லாரை மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?

வல்லாரைக் கீரை நல்ல கீரை, துவையல் அரைச்சா ருசியா இருக்கும். மார்க் ஏறும்னு டப்பா மேல எழுதியிருக்கறதுக்கு உறுதியான ஆதாரம் இல்ல. அந்தக் காசுக்கு பையனை 10 மணிக்குத் தூங்க வைங்க.

கேள்வி: வயசான மறதிக்கு எப்ப டாக்டர்கிட்ட போகணும்?

பேரு லேட்டா வர்றது, கண்ணாடியைத் தேடறது எல்லாம் வயசு. எங்க பாட்டி விஷயத்துல நாங்க கோட்டை விட்டது எங்கன்னா, அம்பது வருஷமா வெச்ச சாம்பார், ஒருநாள் புளியைக் கரைச்சு கையில வெச்சுட்டு அடுத்து என்னன்னு தெரியாம நின்னாங்க. அலுப்புன்னு நினைச்சோம். அப்புறம் தினம் போற பிள்ளையார் கோயில்ல இருந்து வீட்டுக்கு வழி தெரியாம எதிர்த்தெருவுல நின்னாங்க. பழகின வேலையில வரிசை தப்பறது, பழகின இடத்துல வழி தப்பறது, அஞ்சு நிமிஷத்துல அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேக்கறது, இதுல எது வந்தாலும் தள்ளிப்போடாம நரம்பியல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரை, இதாலயும் மறதி வரும், அதெல்லாம் கவனிச்சா சரியாகக்கூடியது. திடீர்னு ஒரே நாள்ல குழப்பம் வந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி.

அல்சைமர்ங்கற மறதிநோய்ல பெரும்பாலும் முதல்ல அடிவாங்கறது ஹிப்போகேம்பஸும் அதோட வாசல் பகுதியும்தான். அதான் காலையில சாப்பிட்டது போயிடும், கல்யாணத்துக்கு வந்த மாட்டுவண்டி நிக்கும். "வேணும்னே பண்றாங்க, பழசெல்லாம் ஞாபகம் இருக்கே"ன்னு வீட்ல திட்டாதீங்க, நாங்க திட்டியிருக்கோம்.

கேள்வி: ஹெச்.எம். கடைசியில என்ன ஆனார்?

2008 டிசம்பர் 2, 82 வயசுல போனார். அன்னிக்கு அப்புறம்தான் ஹென்றி மொலைசன்ங்கற பேரு உலகத்துக்குத் தெரிஞ்சுது. மறு வருஷம் சான் டியேகோவுல அவரோட மூளையை உறைய வெச்சு முடியளவு மெல்லிசா 2,401 சீவலா சீவினாங்க, மூணு நாள் ஆச்சு, இன்டர்நெட்ல லைவா ஓடுச்சு. பார்த்தா ஹிப்போகேம்பஸோட பின்பகுதி கணிசமா மிச்சம் இருந்திருக்கு, முன்மூளையில இடதுபக்கம் யாரும் எதிர்பார்க்காத சின்னக் காயமும் இருந்திருக்கு. தன்னைப் பத்தி இவ்வளவு கட்டுரை வந்ததோ, தான் இல்லாம ஒரு மூளை புத்தகம்கூட அச்சாகறதில்லங்கறதோ அவருக்குத் தெரியாது. சொன்னா சந்தோஷப்படுவாராம், கொஞ்ச நேரத்துல மறந்துடுவாராம்.